பூட்டியிருந்தது, ஆளில்லை

பதிவேடு சூடாக இருந்தது.

அடுப்படியில் வைத்த பொருளின் சூடு அல்ல, வெயில் பட்ட சூடும் அல்ல. யாரோ இவ்வளவு நேரம் படுத்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போன படுக்கையில் கை வைத்தால் உள்ளங்கைக்குத் தெரியுமே, அந்த வெதுவெதுப்பு. இரண்டு வருஷமாக யாரும் தொடாமல், மூன்றாவது அலமாரியின் கீழ்த்தட்டில், பதினோரு பதிவேடுகளுக்கு அடியில் கிடந்தது அது. மேலே இருந்த பதினொன்றையும் பதிவறைக் காப்பாளர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் சில்லென்று இருந்தன. சுவருக்குப் பின்னால் மின்கம்பி ஏதாவது ஓடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஜன்னலே இல்லாத அந்தப் பதிவறையில் பகல் இரண்டரை மணிக்கும் குழல்விளக்கு எரிய வேண்டும். அது எரியும்போது வரும் மெல்லிய ரீங்காரமும், பழைய காகிதத்தின் புளித்த வாசனையும், பூச்சி உருண்டையின் காரமும் பழகிப்போனவை. இன்று அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. முட்டிவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை.

அந்த அலுவலகத்தில் அவருக்கு ‘மூணுபேனா சார்’ என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று மை வற்றி வெளிறிப்போன நீலம். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று என்று வைத்திருக்கும் முன்யோசனைக்காரர் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எதற்கு மூன்று என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

பதிவறைக் காப்பாளராக வருவதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் அவர் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவர். கதவு பூட்டியிருந்தால் வேறு வேறு நாளில் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும், மூன்று தேதியையும் எழுத வேண்டும், அதற்குப் பிறகே ‘ஆளில்லை’ என்று குறிக்கலாம் என்பது விதி. இந்த விதியை எழுதின மகராசன் மின்தூக்கி இருக்கிற வீட்டில் பிறந்தவன் என்று கணக்கெடுப்பவர்களுக்குள் ஒரு கேலி உண்டு. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் படியேறினார்கள். இவர் மாடிப்படித் திருப்பத்தில் நின்றபடியே மூன்று தேதியையும் மூன்று பேனாவால் எழுதக் கற்றுக்கொண்டார். மை மாறியிருந்தால் நாளும் மாறியிருக்கும் என்றுதான் மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டார்கள். கெட்ட மனிதர் அல்ல அவர். காலையில் கும்பிடாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர், லஞ்சம் என்று கைநீட்டி ஒரு காசு வாங்காதவர். படியேறச் சலிப்பு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று அவர் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

காகிதத்தில் ஆளில்லை என்று ஏறிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் போய்க் கதவைத் தட்டுவதில்லை. காகிதத்தைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சூடான பதிவேட்டில் ஏறியிருந்த ஒரு நான்கு மாடிக் கட்டடத்தை இடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்த கூட்டத்தில் இருந்த ஒருவரும் கட்டடத்தைப் பார்த்தவர் இல்லை. பதிவேட்டைப் பார்த்தார்கள். மற்ற குடும்பங்கள் வேறிடம் போய்விட்டன, நாலாம் மாடிக் கடைசி வீட்டில் ஆளில்லை. பட்டியல் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. ஆட்சேபம் எதுவும் வரவில்லை. எப்படி வரும்? இறங்கி வந்து பலகையைப் படிக்கக் கால் இருந்திருந்தால் அங்கே தனியாக இருந்த வயதான அம்மாள் கதவையும் சீக்கிரமே திறந்திருப்பார். தண்ணீர், மின்சாரம், தொலைபேசி மூன்றையும் ஒரே நாளில் துண்டித்தார்கள். கீழ்க்கதவுக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். பதினோராம் நாள் வெளியூரிலிருந்து மகள் ஓடி வந்து, கெஞ்சி அழுது, பூட்டை உடைக்க வைத்தாள்.

அதோடும் முடியவில்லை. காலியான கட்டடத்துக்குள் ஓர் உடல் எப்படி வந்தது என்று யாராவது கேட்பார்கள் இல்லையா? அதற்கும் பதிவேடுதான் பதில் சொன்னது. அறிக்கையில் அந்த அம்மாளை ‘அத்துமீறி நுழைந்தவர்’ என்று எழுதினார்கள். முப்பத்தாறு வருஷம் அந்த வீட்டில் குடும்பம் நடத்தியவரை.

மகள் நஷ்டஈடு கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லை எடுங்கள் என்று மட்டும் கேட்டாள். இரண்டு வருஷம் மேசை மேசையாகக் கேட்டு, கடைசியில் மூலப் பதிவேட்டைப் பார்க்கப் பொதுமக்களில் யாருக்கும் உரிமை உண்டு என்று யாரோ சொல்லிக்கொடுத்து, மனுப்போட்டாள். இன்று மூன்று மணிக்கு விசாரணை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு அவரும் வர வேண்டும் என்று உத்தரவு.

பக்கத்தைத் திறந்தார். நீலம், கறுப்பு, வெளிறிய நீலம். மூன்று தேதி. பக்கத்தில் ‘பூட்டியிருந்தது, ஆளில்லை’. கீழே அவருடைய கிறுக்கல் கையெழுத்து. யாருடையது என்று அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

அன்று அவர் கதவைத் தட்டத்தான் செய்தார். அதுதான் யாருக்கும் தெரியாதது. நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க, தட்டினார். உள்ளேயிருந்து குரல் வந்தது. வர்றேன்பா, கொஞ்சம் இரு. அதன்பின் ஒரு கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம், ஒரு கால் இழுபடும் சத்தம், நீண்ட இடைவெளி. மறுபடி தடி, மறுபடி கால். வெயிலில் தலை கிறுகிறுத்தது, இன்னும் இரண்டு கட்டடம் பாக்கி. மனத்துக்குள் இருபது வரை எண்ணினார். இருபதில் இறங்கிவிட்டார்.

டொக்.

பதிவேட்டை மூடினார். சத்தம் கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது போலிருந்தது. இரும்புத் தட்டு வெப்பத்தில் நெளியும்போது அப்படிச் சத்தம் வரும். வரத்தான் செய்யும்.

சர்ர்.

துணி தரையில் உரசுவது போல. அதன்பின் ஒன்றுமில்லை. குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும். தைல வாசனை, முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்.

பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினார். நடைவழியில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்த கடைநிலை ஊழியர் அம்மா அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இருபது வருஷமாக அவரை அண்ணன் என்று கூப்பிடுபவர், வாய் சும்மா இருக்காது.

“என்னண்ணே, பேயைப் பார்த்த மாதிரி வர்றீங்க? அந்த ரூமுக்குப் பேய் வந்தாலும் தூசியில தும்மியே போய்ச் சேர்ந்துரும்.”

உள்ளே யாராவது வேலையாகப் போனார்களா என்று கேட்டார்.

“சாவி உங்க இடுப்புல, கேள்வி என்கிட்டயா? நல்லா இருக்கு நியாயம்.”

அவர் சிரிக்க முயன்றார். பூட்டிய கதவுக்குப் பின்னால் தடி ஒருமுறை ஊன்றியது. அந்த அம்மா கோப்புகளைச் சரிசெய்துகொண்டு, எதையும் கேட்காதவராக நடந்து போனார்.

விசாரணை அறைக்கு வெளியே ஒரே ஒரு பெஞ்சு. அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். விரல் நுனிகளில் தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தழும்பு. யார் என்று சொல்லாமலே தெரிந்தது. அவரைக் கண்டதும் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். உட்காராமல் நிற்கப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். பதிவேட்டின் சூடு தொடை வழியாக ஏறியது.

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள்.

“ரொம்ப வேர்க்குது சார் உங்களுக்கு. குடிங்க, வாய் வைக்காத தண்ணிதான்.”

குடித்தார். இவ்வளவு பெரிய துக்கத்தை மடியில் வைத்துக்கொண்டும் எதிரே வருகிற மனிதனுக்கு வேர்ப்பதைப் பார்க்கக் கண் இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவளே சொன்னாள். அவர் மடியிலிருந்த பதிவேட்டைப் பார்த்து, இதுதானா அது என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

“கணக்கெடுக்க வந்த அன்னிக்கு ராத்திரி அம்மா போன்ல சொன்னாங்க சார். யாரோ கதவத் தட்டுனாங்களாம். இவங்க போறதுக்குள்ள போயிட்டாங்களாம். ‘பாவம், இந்த வெயில்ல நாலு மாடி ஏறி வந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க முடியாமப் போச்சே’ன்னு அதையே சொல்லிட்டிருந்தாங்க.”

நடைவழியின் கோடியில், பதிவறைப் பக்கத்திலிருந்து, டொக். பிறகு இழுபடும் கால். பிறகு இடைவெளி. அவர் மனம் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தது.

கணக்கெடுக்க வந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தேன், அவ்வளவுதான் என்றாள்.

மாற்றலாகிப் போய்விட்டார் என்று அவர் வாய் சொன்னது. நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

“எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் சார்” என்றாள். மெய்யாகவே சொன்னாள். காதுமடல் வரை அவருக்கு எரிந்தது. கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரி இளவயதுப் பெண். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் நிற்க வைத்துப் பேசாதவர். இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். பதிவேட்டை விளக்குக்குக் கீழே வைத்து, பக்கத்தைத் திருப்பி, மகளுக்கும் தெரியும்படி விரலால் காட்டினார். மூன்று தேதி இருக்கிறது, மை கூட வேறு வேறு, விதிப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது.

“நீங்க சொல்றத நான் நம்பலாம்மா. ஆனா எனக்கு மேல இருக்கிறவங்க பதிவேட்டைத்தான் நம்புவாங்க. அது இப்படிச் சொல்லும்போது நான் எதை வச்சு மாத்தி எழுதுறது?”

மகள் அம்மாவின் கையெழுத்தைப் பார்ப்பது போல அந்த மூன்று தேதிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்த்த விரல் ஒன்று ‘ஆளில்லை’ என்ற சொல்லின் மேல் போய் நின்றது.

அதிகாரிக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய மரக்கதவு இருந்தது. முன்பு அங்கே ஒரு பால்கனி இருந்து, எப்போதோ இடிந்து விழுந்து, ஆணி அடித்து மூடிய கதவு. அதற்கு அப்பால் அறை இல்லை. தரை இல்லை. கட்டடமே அங்கே முடிகிறது.

டொக்.

அந்தக் கதவுக்குப் பின்னால்.

சர்ர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். மனுவைத் தள்ளும் ஆணையின் அடியில் கையெழுத்துப் போடக் குனிந்தார். டொக். இப்போது இடைவெளி குறைவு. தைல வாசனை அறையெங்கும். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. வயதானவர்கள் பத்து அடி நடந்தால் வாங்குவார்களே, அந்த மூச்சு. மரக்கதவின் மறுபக்கம், தாழ்ப்பாளைத் தேடி ஒரு கை பலகையில் தடவும் சத்தம்.

“வர்றேன்பா.”

மகள் தலையைத் திருப்பி அந்தக் கதவைப் பார்த்தாள். ஏன் பார்த்தோம் என்று தெரியாதவள் போலக் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அவர் எழுந்து நின்றார். தான் எழுந்தது நாற்காலி விழுந்த சத்தத்தில்தான் அவருக்குத் தெரிந்தது.

“நான்தான் மேடம். நான்தான் போனது. ஒரு தடவைதான் போனேன். உள்ள ஆள் இருந்தாங்க. வர்றேன்னு சொன்னாங்க. நான் நிக்கல.”

பேனா நின்றது. கதவுக்குப் பின்னால் கையின் தடவலும் நின்றது. மூன்று பேனாக்களையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். அதற்கு மேல் விளக்கத் தேவை இருக்கவில்லை. அதிகாரி பேனாக்களைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார்.

மகள்தான் பேசினாள்.

“எவ்வளவு நேரம் நின்னீங்க சார்?”

“இருபது எண்ணினேன்மா.”

அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

“அம்மாவுக்கு நாப்பது ஆகும். நான் எண்ணியிருக்கேன்.”

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அதிகாரி ஆணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார். ‘அத்துமீறி நுழைந்தவர்’ என்பதை அடித்து, ‘அவ்வீட்டில் வசித்தவர்’ என்று எழுதி, மகளுக்குப் படித்துக் காட்டினார். அவள் இன்னொருமுறை படிக்கச் சொன்னாள். இன்னொருமுறை படித்தார்.

பிறகு அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். மனுப்போட்டு அலைய வேண்டிய அவசியம் இல்லாமல், அடுத்த வாரம் இந்தக் கணக்கெடுப்புப் பதிவேடுகள் எல்லாவற்றையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்போகிறோம். இவற்றை வைத்துத்தான் இரண்டு மருத்துவ நிலையங்களை மூடினோம், ஆள் இல்லாத தெரு என்று பேருந்தை நிறுத்தினோம், மேட்டுப் பகுதிக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அடைத்தோம். இதையெல்லாம் நிதானமாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“இந்த ஒரு வீடுதானா? இல்ல, வேறயும் இருக்கா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா போய்ப் பார்க்கலாம். யாராவது இன்னும் இருக்கலாம்.”

இன்னும் ஒரு வருஷத்தில் ஓய்வு. வீட்டில் மனைவி. இத்தனை வருஷம் நல்லவர் என்று எடுத்த பேர். ஒரு வீடு என்றால் தவறு. அதற்கு மேல் என்றால் அதற்கு வேறு பெயர். மகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மை சொன்ன மனிதனைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

“இது ஒண்ணுதான் மேடம்.”

வெளியே வந்ததும் மகள் அவர் சட்டைக்கையைத் தொட்டாள். சொல்லிவிட்டீர்களே, அது போதும் என்றாள். மிச்சமிருந்த தண்ணீரோடு பாட்டிலை அவர் கையில் திணித்துவிட்டு, ஆணையின் நகலை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

பதிவேட்டைத் திரும்ப வைக்க நடைவழியில் நடந்தார். இப்போது அது குளிர்ந்திருந்தது. தைல வாசனை இல்லை. மனம் லேசாகத்தான் இருக்க வேண்டும். அந்த அம்மாள் தேடி வந்தது கிடைத்துவிட்டது. கடவுள் கண் திறந்தார் என்று சொல்லிக்கொண்டார். கடவுளின் பெயர் வாயில் கசந்தது. மற்றதை நாளைக்கு யோசிக்கலாம். நாளைக்குச் சொன்னால் போகிறது. எத்தனை வீடு என்று அவருக்கே தெரியாது. எண்ணுவதே பிழைப்பாக இருந்தவருக்கு அந்த எண்ணிக்கை மட்டும் தெரியாது.

பதிவறைக் கதவில் சாவியைப் போட்டார்.

உள்ளே ஒரு சத்தம்.

தடி இல்லை. ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். மெதுவாக. இந்தப் பக்கமாக.

சாவியைத் திருப்பவில்லை.

அதற்குப் பின்னால் இன்னொன்று. சக்கரம், எண்ணெய் காணாத சக்கரம், கிறீச்சென்று. அதற்குப் பின்னால் தவழ்வது போல, உள்ளங்கையும் முட்டியும் மாறி மாறி. ஒரு கனமான இருமல். வளையல். இழுபடும் போர்வை. அறையின் ஆழத்திலிருந்து, அலமாரிகளுக்கு நடுவிலிருந்து, அந்த அறைக்கு இருக்கவே முடியாத தூரத்திலிருந்து.

“வர்றேன் சார்.”

ஆண்குரல்.

“இதோ வந்துட்டேன்.”

பெண்குரல்.

“அம்மா எழுந்திருக்க மாட்டேங்குறாங்க. நான் வர்றேன்.”

குழந்தை.

பதினைந்து அடியில் அதிகாரியின் அறை. கதவு திறந்தே இருந்தது. விளக்கு தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும். ஓர் எண் கூடச் சொல்ல வேண்டாம், பொய் சொன்னேன் என்றால் போதும். வாயைத் திறந்தார். மகளின் பார்வை நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டார். மனம் எண்ணத் தொடங்கியது.

இருபது.

சத்தங்கள் கதவை நெருங்கின.

நாற்பது.

நின்றன.

எல்லாம் ஒன்றாக நின்றன. மூச்சுகள் மட்டும். மரத்தின் அந்தப் பக்கம், அவர் நெற்றி உயரத்தில், இடுப்பு உயரத்தில், தரையோடு தரையாக.

கீழே பார்த்தார்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல்கடை அளவு வெளிச்சம். அதை மறைத்துக்கொண்டு கால்விரல்கள். வெடித்த குதிகால் ஒன்று, பின்திரும்பி. நகம் இல்லாத கட்டைவிரல். ஒரு சின்ன உள்ளங்கை. ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, கதவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. பின்னாலிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் தள்ளினார்கள்.

பூட்டு பூட்டியே இருந்தது. கதவு அசையவில்லை. முன்வரிசை விரல்கள் மட்டும், நசுங்கித் தட்டையாகி, இடுக்கின் வழியே மெல்ல மெல்ல வெளியே வந்து, அவருடைய செருப்பின் நுனியைத் தொட்டு, தடவிப் பார்த்து, பிடித்துக்கொண்டன.